கல்லோயாச் சந்தியில் ரயில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது?

திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ரயிலில் போய் வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மலசலகூடம் பிரச்சினை, இன்னொருவருக்கு நுளம்பு, வேறொருவருக்குப் பக்கத்து ஆசனத்துக்காரரின் குறட்டை. கல்லோயாவைத் திட்டாதவர் மட்டும் ஒருவரும் இல்லை. நடுச்சாமத்தில் கண் விழித்தால் வண்டி நிற்கும். வெளியே இருட்டு, ஒரு மஞ்சள் விளக்கு, யாரோ கடலை விற்கும் சத்தம். அரை மணி கழித்து விழித்தாலும் அதே விளக்கு.

(அம்பாறைப் பக்கம் உள்ள கல்லோயா ஆறும் குடியேற்றத் திட்டமும் வேறு இடம். இது ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டு நடுவே இருக்கிற ரயில் சந்தி.)

நிற்பதற்குக் காரணம் ஊழியர்களின் சோம்பல் என்று நினைப்பது சுலபம். உண்மையில் அது அந்தப் பாதை போடப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. கொழும்பு கோட்டையில் இருந்து பொல்கஹவெல வரை சுமார் 74 கிலோமீற்றருக்கு இரட்டைத் தண்டவாளம். அதுவரை போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் தனித்தனிப் பாதை. பொல்கஹவெலயில் வடக்குப் பாதை பிரிந்து குருநாகல் வழியாக மாஹோவுக்கு வருகிறது. மாஹோவில் யாழ்ப்பாணத்துக்குப் போவது ஒரு பக்கம், கிழக்குக்குத் திரும்புவது இன்னொரு பக்கம். கிழக்குப் பாதை கெக்கிராவ, ஹபரணை கடந்து கல்லோயாவுக்கு வந்ததும் மறுபடி இரண்டாகிறது: வலப்பக்கம் மின்னேரியா, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை தாண்டி மட்டக்களப்பு; இடப்பக்கம் அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று சுமார் 70 கிலோமீற்றர் வந்து திருகோணமலை. அதாவது நாம் கிளையின் கிளையில் இருக்கிறோம். பொல்கஹவெலவுக்கு இப்பால் எங்கள் கடற்கரை வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம்தான். யாழ்ப்பாண வண்டி குருநாகலில் பிந்தினால், அந்தப் பிந்தல் மாஹோவில் மட்டக்களப்பு வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கல்லோயாவில் நம்மையும் பிடித்துக்கொள்ளும்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டும் என்றால் ஒரு நிலையத்தில்தான் முடியும். அங்கே பக்கத்தில் ஒரு மேலதிகத் தண்டவாளம் இருக்கும். முதலில் வந்த வண்டி அதில் ஒதுங்கி நிற்க வேண்டும், மற்றது வந்து சேர வேண்டும், பிறகுதான் இது புறப்படலாம். ஒரு வண்டி 20 நிமிடம் பிந்தினால் அதற்காகக் காத்திருக்கிற வண்டியும் 20 நிமிடம் பிந்தும். அது போய் அடுத்த நிலையத்தில் இன்னொன்றைக் காக்க வைக்கும். பகல் முழுக்க ஒரு பிந்தல் இப்படி நிலையம் நிலையமாகக் கைமாறிக்கொண்டே போகும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் கடக்கும் இடத்தை மாற்றுவதா, எந்த வண்டிக்கு முன்னுரிமை கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். நீண்ட தூர இரவு வண்டிக்கு வழி விட்டு எரிபொருள் வண்டியை நிறுத்துவார்கள். ஆனால் எரிபொருள் வண்டி ஏற்கெனவே இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருந்தால் பயணிகள்தான் காத்திருக்க வேண்டும். நடுவழியில் ஒதுங்க இடம் கிடையாது.

சரி, இரண்டு நிலையங்களுக்கு இடையில் உள்ள ஒரே பாதைத் துண்டில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் இறங்கிவிடாமல் தடுப்பது எது? இந்தப் பாதையில் அது டேப்லட் என்கிற கனமான வட்டத் தகடு. பிள்ளைகள் பாடம் படிக்கிற டேப்லட்டை மறந்துவிடுங்கள். இது அதற்கு நூறு வயது மூத்தது. 1874இல் இங்கிலாந்தில் நோரிச் நகருக்கு அருகே ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட ஒரு தந்திச் செய்திதான் காரணம். அதற்குப் பிறகு எட்வர்ட் டையர் என்பவர் வடிவமைத்த கருவி இது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. தம்பலகாமத்தில் இருந்து கந்தளாய்க்கு ஒரு வண்டி விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிலையங்களிலும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். இரண்டையும் கம்பி இணைக்கும். உள்ளே தகடுகள் அடுக்கி இருக்கும். தம்பலகாமத்து நிலைய அதிபர் மணி அடித்துக் கேட்பார்: பாதை வெறுமையா? கந்தளாயில் உள்ளவர் பார்த்து, எதிரே எதையும் விடவில்லை என்றால், தன் பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடிப்பார். அவர் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் மட்டும் தம்பலகாமத்துப் பெட்டியின் இழுப்பறை திறக்கும், ஒரே ஒரு தகடு வெளியே வரும். அது வெளியே வந்ததும் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகட்டை இரண்டு முனைகளில் ஒன்றில் திரும்பப் போடும் வரைக்கும் யார் எவ்வளவு மணி அடித்தாலும் இன்னொன்று வராது. தகடு தன் கையில் இல்லாமல் சாரதி அந்தத் துண்டுக்குள் போகக் கூடாது.

தகட்டில் இரண்டு நிலையங்களின் பெயரும் பொறித்திருக்கும். சாரதி அதைக் கையில் வாங்கியதும் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த துண்டுகளின் தகடுகள் ஒரே அச்சில் இருக்காது, வெட்டு வேறுபடும். ஆகவே தவறுதலாக அடுத்த நிலையத்துப் பெட்டியில் போட்டாலும் உள்ளே இறங்காது. பெரிய வளையம் வைத்த பை ஒன்றில் போட்டுக் கொடுப்பார்கள். நிற்காத வண்டி என்றால் மேடையில் ஒருவர் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். என்ஜினில் இருந்து உதவியாளர் கையை வளையத்துக்குள் விட்டுப் பறிப்பார், பழையதை மேடையில் எறிவார். தவறவிட்டால் வண்டி நிற்கும், யாராவது ஒருவர் டோர்ச் லைட்டோடு பின்னால் நடப்பார். ரயில் பெட்டிக்குள் இருக்கும் நமக்கு "ஏன் நிற்கிறது" என்று விளங்காத ஐந்து நிமிடங்களில் பாதி இதுதான்.

இதில் பிழை வரக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, இரண்டு நிலையங்களுக்கும் இடையில் உள்ள கம்பி அறுந்துபோவது. காற்று, விழுந்த மரம், செம்புக் கம்பி திருடுகிறவர்கள், சில இடங்களில் யானை. கம்பி இல்லாவிட்டால் இழுப்பறை திறக்காது. அப்போது இரு நிலைய அதிபர்களும் தொலைபேசியில் பேசி, இரகசிய எண் பரிமாறி, பதிவேட்டில் எழுதி, சாரதிக்குக் கையெழுத்திட்ட கடதாசி அனுமதி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் இதைச் செய்தால் நேரம் எங்கே போகிறது என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, தகடுகள் ஒரு பக்கமாகக் குவிந்துவிடுவது. ஒரு திசையில் அதிக வண்டிகள் ஓடினால் எல்லாத் தகடும் மறுமுனைப் பெட்டிக்குப் போய்விடும். இந்த முனையில் எடுக்க ஒன்றும் இருக்காது. திருவிழாக் காலத்து விசேட வண்டிகளுக்குப் பிறகு இது நடக்கும். அதிகாரம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து, எண்ணி, எழுதி, ஒரு பகுதியை மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது மனிதப் பிழை: பெயரைப் படிக்காமல் வாங்குவது. கருவி எவ்வளவு நல்லதானாலும் கடைசிப் பூட்டு சாரதியின் கண்தான்.

கொழும்பைச் சுற்றியுள்ள பாதைகளில் வண்ண விளக்குச் சமிக்ஞைகள் தாமாக மாறுகின்றன. இங்கேயும் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், பணம் வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய வண்டிகள் ஓடும் பாதையில், ஒழுங்காகப் பராமரித்த டேப்லட் போதும் என்பது என் எண்ணம். பணம் இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டிய இடம் தண்டவாளத்தின் அடியில் இருக்கிறது.

அதற்கு முன், ஏன் நாம் கிளையின் கிளையில் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். இலங்கையில் ரயில் வந்தது மக்களுக்காக அல்ல, கோப்பிக்காக. கண்டி மலையில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க வாரக் கணக்கில் ஆனது. மழைக்கு மூட்டை நனைந்தது, மாடு செத்தது. தோட்டத்துரைமார் 1845இலேயே ஒரு ரயில் கம்பனியைத் தொடங்கினார்கள். 1858இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். கம்பனியால் முடியாமல் அரசாங்கமே பொறுப்பெடுத்து, 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பில் இருந்து அம்பேபுஸ்ஸவுக்கு 54 கிலோமீற்றர் முதல் வண்டி ஓடியது. கண்டிக்கு 1867. இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் வந்தது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ரயில் தேயிலைக்குப் பின்னால் மலை ஏறியது: நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளை 1924. அந்தத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களின் உழைப்புத்தான் மலைப் பாதையின் ஒவ்வொரு பெட்டியையும் நிரப்பியது.

பெரும்பாலான பாதைகள் இப்படிக் கொழும்பு என்ற ஒரு புள்ளியில் இருந்து வெளியே நீண்டவை. மாத்தறைக்கு 1895, காங்கேசன்துறைக்கு 1905, தலைமன்னாருக்கு 1914. தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடிக்குப் போய் அங்கிருந்து மறுபடி ரயிலில் சென்னைக்குப் போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அப்படி நடந்தது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் தண்டவாளம் வந்து சேர்ந்தது 1928இல். பெரிய பாதைகளில் கடைசி நாங்கள்தான். உலகத்திலேயே பெயர் பெற்ற இயற்கைத் துறைமுகம் ஒன்றுக்கு, முதல் ரயில் ஓடி 60 வருடத்துக்கு மேல் கழித்துத்தான் பாதை போட்டார்கள். திருகோணமலையில் விளைந்து ஏற்றுமதியாகும் கோப்பியோ தேயிலையோ இல்லை. இருந்தது பிரித்தானியக் கடற்படைத் தளம். சீனக்குடாவில் எழுந்த எண்ணெய்த் தாங்கிகளும் அதற்காகத்தான்; ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளளவு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்துபோக, இன்று 99 நிற்கின்றன. கடற்படைத் தளம் 1957இல் இலங்கைக்குக் கைமாறியது. தளத்துக்காக வந்த தண்டவாளம் ஊருக்கு மிஞ்சியது.

1950களில் நீராவி என்ஜினின் காலம் முடியத் தொடங்கியது. 1954இல் கொழும்புத் திட்ட உதவியில் கனடாவில் இருந்து வந்த டீசல் என்ஜின்களுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர். அந்த வகை இன்னும் ஓடுகிறது என்பது அதைச் செய்தவர்களுக்கும் இரத்மலானைப் பணிமனைக்காரருக்கும் சேர வேண்டிய பெருமை. அந்தப் பத்தாண்டில் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளராக வந்த பி. டி. ரம்பல காலத்தில்தான் யாழ் தேவி, உடரட்ட மெனிக்கே, ருஹுணு குமாரி போன்ற பெயர் பூண்ட கடுகதி வண்டிகள் வந்தன. கிழக்குக்கு உதய தேவி. பிறகு போர். யாழ்ப்பாணப் பாதை 1990இல் அறுந்து, தண்டவாளம் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகி, 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி வந்தது. கிழக்குப் பாதைகள் நின்று நின்று ஓடின.

இப்போது தண்டவாளத்தின் அடி. இலங்கைப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், இந்தியாவின் அகலப் பாதை அளவேதான். தண்டவாளம், அதைத் தாங்கும் சிலிப்பர் என்கிற குறுக்குக் கட்டை, சிலிப்பரைப் பிடித்திருக்கும் சல்லி, சல்லிக்குக் கீழே மண் அணை. பார்வைக்கு இரும்புதான் முக்கியம்; வேலை செய்வது சல்லி. கூரிய முனை உள்ள கருங்கல் சல்லி ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்ளும், மழைத் தண்ணீரைக் கீழே விட்டுவிடும். அதற்குள் சேறு ஏறினால் இரண்டு வேலையும் போச்சு. கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில் பாதை வயல் நடுவே அணைமேல் போகிறது. நவம்பரில் இருந்து ஜனவரி வரை வாடைக்காற்று மழையில் இரு பக்கமும் தண்ணீர் நிற்கும். அணை ஊறும். வண்டி போகும் ஒவ்வொரு தடவையும் சிலிப்பர் அமுங்கி எழும்பி அடிச் சேற்றை மேலே பம்ப் பண்ணும். சல்லியின் மேல் சாம்பல் நிறச் சேறு தெறித்திருக்கும் இடத்தைப் பார்த்தால் அடியில் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே பெட்டி பக்கவாட்டில் ஆடும், சாரதி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வெயிலில் வேறு பிரச்சினை. உருக்கு ஒரு பாகை சூட்டுக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 11.5 மில்லிமீற்றர் நீளும். விடிய 25 பாகையில் இருக்கும் தண்டவாளம் ஓகஸ்ட் மத்தியானத்தில் 55 பாகையைத் தொட்டால், 13 மீற்றர்த் துண்டு ஒன்று நான்கரை மில்லிமீற்றர் நீளும். அதற்காகத்தான் துண்டுகளுக்கு இடையில் சின்ன இடைவெளி. அந்த டக்-டக் சத்தம் அங்கிருந்துதான். இணைப்புத் தகட்டின் போல்ட் துருப்பிடித்து இறுகி இடைவெளி வேலை செய்யாவிட்டால், நீளம் போக இடம் தேடித் தண்டவாளம் பக்கவாட்டில் வளையும். பக்கத்தில் சல்லி தோளளவு குவிந்திருந்தால் பிடித்துக்கொள்ளும். சல்லி சரிந்துபோயிருந்தால் பிடிக்காது. போல்ட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து நடக்கிற பாதைத் தொழிலாளி காதால் தேடுவது இதைத்தான்.

பழுதான இடத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நடுவார்கள். இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோமீற்றரை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க ஒரு நிமிடம், 20இல் கடக்க மூன்று நிமிடம். வேகம் குறைக்கவும் மறுபடி பிடிக்கவும் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம். ஆக ஒரு பலகைக்கு மூன்று, நான்கு நிமிட நட்டம். மாஹோவில் இருந்து இங்கே வரை இப்படிப் பத்து இடம் இருந்தால் அரை மணிக்கு மேல் போய்விடும், யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே. புதிய ஆடம்பரப் பெட்டி வாங்குவதை விடப் பத்து இடத்துச் சல்லியை மாற்றினால் நேரம் மிஞ்சும் என்பது இதனால்தான்.

யானையைப் பற்றிப் பேசாமல் கல்லோயாவைத் தாண்ட முடியாது. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு காடுகளுக்கு நடுவே தண்டவாளம் போகிறது. வரட்சிக் காலத்தில் யானைகள் ஒரு குளத்தில் இருந்து இன்னொரு குளத்துக்குத் தண்ணீரும் புல்லும் தேடி நடக்கும். அவற்றின் தடம் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுகிறது. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் எரிபொருள் வண்டி ஒன்று யானைகளை மோதித் தடம் புரண்டது. 2025 பெப்ரவரியில் கல்லோயாவுக்கு அருகே பயணிகள் வண்டி ஒரு கூட்டத்தோடு மோதியதில் குறைந்தது ஆறு யானைகள் செத்தன. அதன் பிறகு மட்டக்களப்புப் பாதையின் இரவு வண்டிகளின் நேரம் மாற்றப்பட்டது.

"சாரதி பிரேக் போட்டிருக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது நொடிக்கு 16.7 மீற்றர். பார்த்து, கையை எடுத்து, பிரேக் கடைசிப் பெட்டி வரை பிடிக்க மூன்று நொடி என்று வைத்தால் 50 மீற்றர் போய்விட்டது. நொடிக்கு 0.4 மீற்றர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க இன்னும் 350 மீற்றர். மொத்தம் 400. அதே வண்டி 30இல் வந்தால் சுமார் 110 மீற்றரில் நின்றுவிடும். பாதி வேகம், கால்வாசித் தூரம். என்ஜின் விளக்கு நேர்ப்பாதையில் நன்றாகக் காட்டும். வளைவில் அதன் ஒளி தண்டவாளத்தை விட்டுக் காட்டுக்குள் போய்விடும். சாம்பல் நிற யானை இருட்டில் 100 மீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரியும். மண்ணை வெட்டித் தாழ்த்திப் போட்ட இடங்களில் இரு பக்கமும் சுவர் மாதிரி. யானை ஏறித் தப்ப முடியாமல் தண்டவாளத்திலேயே முன்னால் ஓடும், குட்டி இருந்தால் தாய் திரும்பி நிற்கும்.

ஆகவே இந்தப் பகுதியில் இரவில் வண்டி ஊர்வதைக் குறை சொல்லாதீர்கள். வேகக் கட்டுப்பாட்டை விட்டால் மிச்சம் இருப்பது, பாதையின் இரு பக்கமும் பற்றையை வெட்டிப் பார்வையைத் திறப்பது, செங்குத்துக் கரையைச் சரிவாக்கி யானை ஏற வழி விடுவது. மூன்றாவது நம் கையில் உள்ளது: சாப்பாட்டுப் பார்சலின் மிச்சத்தை ஜன்னலால் எறியாமல் இருப்பது. சோறும் வாழைப்பழத் தோலும் விழும் இடத்துக்கு யானை மறுபடி வரும்.

சரக்கைப் பற்றிக் கொஞ்சம். சீனக்குடாவில் 1980இல் இருந்து இயங்கும் பிறிமா மாவு ஆலை, நாட்டின் பாணுக்கும் ரொட்டிக்கும் மாவு அரைக்கிற இடம். கப்பலில் வரும் கோதுமை இங்கே இறங்கி மாவாகி உள்நாட்டுக்குப் போக வேண்டும். 500 தொன் மாவை ஒரு ரயிலில் ஏற்றலாம். லொறி என்றால் 20 தொன் வீதம் 25 லொறி, 25 சாரதி, கந்தளாய் வீதியில் 25 தடவை முந்திச் செல்லும் பஸ். ஆனால் வண்டிக்கு என்ஜின் வேண்டும், பெட்டி திரும்பி வர வேண்டும், மறுமுனையில் இறக்க ஆள் வேண்டும். நாட்டில் என்ஜின் தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டப்படுவது சரக்கு வண்டிதான், ஏனென்றால் மாவு மூட்டை ஸ்டேஷன் மாஸ்டரோடு சண்டை பிடிக்காது.

பயணிகளுக்கு வருவோம். கொழும்பு ஒன்றுக்குத்தான் இந்த ரயில் பயன்படும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் போக விரும்பினால் மாஹோ வரை தெற்கே போய்த் திரும்ப வேண்டும்; ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக பஸ்ஸில் போவதே புத்தி. கண்டிக்கும் தம்புள்ளை வழி பஸ். மட்டக்களப்புக்கு ரயிலில் என்றால் கல்லோயாவில் மாற வேண்டும். இணைப்பு வண்டி காத்திருக்குமா என்று திருகோணமலை நிலையத்திலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள், கல்லோயாவில் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. அங்கே முச்சக்கர வண்டி வரிசையில் நிற்கும் இடமல்ல.

இரவு வண்டியில் முதலாம் வகுப்பில் படுக்கை உண்டு, இரண்டாம் மூன்றாம் வகுப்பில் முற்பதிவு ஆசனம் உண்டு, பதிவில்லாத மூன்றாம் வகுப்பும் உண்டு. முற்பதிவு 30 நாளுக்கு முன்பே திறக்கும். நீண்ட வார இறுதி, போயா, சித்திரைப் புத்தாண்டு, நிலாவெளிக்கு ஆள் வரும் மே முதல் செப்டெம்பர் வரை, இவற்றுக்குத் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். இணையத்தில் எடுத்தால் டிக்கட்டில் போட்ட அடையாள அட்டை எண்ணும் கையில் உள்ள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணரின் பெயரில் எடுத்துத் தம்பி போவது இப்போது சரிவராது. அரச ஊழியர் வாரண்டில் (அரசு கொடுக்கும் ரயில் பயணக் கடதாசி) போவதானால் நேரே நிலையத்து வரிசைக்கு வேளைக்கே போய், வாரண்டை டிக்கட்டாக மாற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும்; வாரண்ட் கடதாசி தானாக டிக்கட் ஆகாது.

வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பலர் கோட்டையில் இறங்கிவிட்டு முச்சக்கர வண்டிக்குக் காசு கொடுக்கிறார்கள். தேசிய வைத்தியசாலைக்குக் கிட்டிய நிலையம் மருதானை. அது கோட்டைக்கு முந்தைய நிறுத்தம். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு மருதானையில் களனிவெளிப் பாதை வண்டிக்கு மாறினால் நுகேகொடை தாண்டி மஹரகமவிலேயே இறங்கலாம். அந்த வண்டிகள் காலையிலும் மாலையிலும்தான் செறிவாக ஓடும். நடுப்பகலில் 138 பஸ் சுலபம். வெள்ளவத்தையில் தங்குகிறவர்கள் கோட்டையில் மேடை மாறிக் கரையோர வண்டி ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. விடிகாலை இறங்குகிறவருக்கு அந்த நேரத்தில் கொழும்பை விட்டு வெளியே போகும் வண்டி காலியாகவே இருக்கும்; கூட்டம் எல்லாம் எதிர்த் திசையில்.

பகல் வண்டியில் திருகோணமலைக்கு வருகிறீர்கள் என்றால் வலப்பக்க ஜன்னல் எடுங்கள். தம்பலகாமத்து வயல் முடிந்ததும் குடாவின் தண்ணீர் அந்தப் பக்கம்தான் வரும்.

மோட்டார் சைக்கிள் அனுப்புகிறவர்கள் பெட்ரோலை முழுதாக வடித்துவிட்டு, பதிவுப் புத்தகத்தின் பிரதியும் அடையாள அட்டையும் கொண்டு பொதிக் கருமபீடத்துக்கு வண்டி புறப்படுவதற்கு நன்றாக முன்பே போக வேண்டும். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுங்கள், முன் பிரேக் பிடியையும் சங்கிலிப் பக்கத்தையும் சாக்கால் சுற்றுங்கள். பெட்டிக்குள் பக்கத்தில் வேறு சாமான் சாய்ந்து கீறுவது அங்கேதான். ஐஸ் போட்ட மீன் பெட்டியானால் தண்ணீர் ஒழுகாத பெட்டி கட்டாயம்; ஒழுகினால் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் பக்கத்துப் பொதிக்காரரோடு வழக்கு. பொதி எந்த வண்டியில் போகிறது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். கல்லோயாவில் வண்டி மாறும் பொதியானால் ஒரு நாள் பிந்தி வரும் என்று மறுமுனையில் எடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.